ஸ்வேரியே என்றால் யாருக்குத் தெரியும்

ஸ்வீடனில், மால்மோவின் புல்டோஃப்டா விமானத் திடல் உணவுக்கூடத்தில் ஹில்மா காபி ஊற்றுவாள். அவள் புருஷன் எவெர்ட்டுக்கு அங்கேயே தீயணைப்பு வேலை. நான் அவளுக்குப் பாத்திரம் கழுவியவள். போருக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே வேலியோரம் வந்து விமானம் பார்க்கும். பிறகு யாரும் வரவில்லை. ஜெர்மனியில் அடிபட்ட அமெரிக்கக் குண்டு விமானங்கள் புகைந்துகொண்டே எங்கள் திடலில் வந்து இறங்கின. ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஹில்மா காபியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். எங்களுடையது சண்டையில் சேராத நாடுதான். பயத்துக்கு அது தெரியவா போகிறது?

1944 கோடையில் ஒரு விமானம் எங்கள் உணவுக்கூடத்துக்கு எதிரே வந்து நின்றது. எவெர்ட் தண்ணீர்க் குழாயோடு ஓடினார். உள்ளிருந்து குதித்த அமெரிக்கப் பையன் அவர் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். எவெர்ட் தலையில் இருந்த இரும்புத் தொப்பி ஜெர்மன்காரன் தொப்பி மாதிரியே இருக்கும்.

"ஸ்வேரியே, ஸ்வேரியே" என்று கத்தினார் மனுஷன். எங்கள் வாயில் எங்கள் நாட்டுக்கு அதுதான் பேர். ஸ்வீடன் என்றால்தான் வெளியாளுக்குப் புரியும் என்று அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை.

ஹில்மா ஓடினாள். "யோவ், அந்தச் சட்டியக் கழட்டித் தொலைய்யா." அவளே பிடுங்கி எறிந்தாள். வழுக்கைத் தலையைப் பார்த்ததும் பையன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அழுதான்.

அவனை விசாரித்த அதிகாரி ஹில்மாவைத் தனியே கூப்பிட்டார். "ஒரு தடவ விசைய இழுத்துட்டானாம்மா. குண்டு சிக்கிக்கிச்சாம்."

என்னிடம் மட்டும் சொன்னாள். "அவருகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா நாளைக்கு எரியுற விமானத்துக்கு அந்தக் காலு ஓடாது. உள்ள இருக்குற பசங்க வெந்துபோவாங்க."

எவெர்ட்டுக்குப் போன இடமெல்லாம் ஒரே பெருமை. "கண்ணப் பாத்தேன். இவன் சுடமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு." ஹில்மா பக்கத்தில் நின்று காபி ஊற்றுவாள். அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பாளாம். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1972இல் திடலை மூடினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் மூவரும் கடைசி விமானத்தை வழியனுப்பப் போனோம். அது கிளம்பியதும் எவெர்ட் பழைய கதையை ஆரம்பித்தார்.

"சுட்டான்யா," என்றாள் ஹில்மா. "வெடிக்கல."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இத்தன வருஷமா," என்று கேட்டார், "நீ மட்டுமா பயந்துக்கிட்டு இருந்த?"