மாப்பிள்ளை விசாரிக்கப் போன ஊர்

மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த பெடியன்மேல் ஒரு கத்தி வழக்கு இருந்ததாக எனக்குச் சொன்னவர், அதைச் சொல்லிக்கொண்டே வெண்டிக்காயின் நுனிகளை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரிஸ் நகரத்தில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். அவர் எங்கள் கடையின் பழைய வாடிக்கைக்காரர்.

"அண்ணை, நான் சொன்னதெண்டு வெளியிலை போகக்கூடாது. பரிசிலை இல்லை, அங்கை தூரத்திலை, மாடு மேயிற ஊரொண்டிலைதான் வழக்கு நடந்ததாம்," என்று அந்த ஊரின் பெயரையும் சொன்னார்.

"என்ன கத்தி?" என்று கேட்டேன்.

"கத்தியெண்டா கத்திதானே. ஆர் அளந்து பாத்தது?"

வெண்டிக்காயை நிறுத்துக் கொடுத்தேன். முறித்ததை எல்லாம் விட்டுவிட்டு முறிக்காததைத்தான் வாங்கிப் போனார்.

அந்த ஆண்டுகளில் எங்கள் கடைத்தெருவில் கத்தி என்றால் குழுச் சண்டைதான் நினைவுக்கு வரும். வெளியே சத்தம் கேட்டு, கடைச் சட்டரை நானே இழுத்து மூடிய நாட்களும் உண்டு. மகளோ அந்தப் பெடியனைத் தானாகவே விரும்பியவள். அதை நாங்கள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து, பேசிச் செய்கிற கல்யாணமாக மாற்றிக்கொண்டிருந்தோம். சாதகம் பார்த்தாயிற்று. கோயில் ஐயர் பொருத்தம் நல்லது என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மேரியில், அதாவது நகரசபையில், பதிவு. நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். மகளும் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாள்.

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை எடுக்குமுன் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கோயிலடியில் கேட்பார்கள், அவன் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். சண்டை முடிந்த 2009க்குப் பிறகு அவனுடைய ஊரில் விசாரிக்க யாருமே இல்லை. பக்கத்து வீடுகளில் கதவுகூட இல்லை என்று கேள்விப்பட்டோம். அதனால் அவன் வேலை செய்யும் இடத்தில், அவன் இருக்கும் சார்செல் மாடிக் கட்டடத்தில், அவனுடைய சித்தப்பாவின் பழைய முதலாளியிடம் என்று இங்கேயே விசாரித்தோம். எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள். இந்தக் கத்தியைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தாள்.

"இஞ்சாருங்கோ, வேண்டாமெண்டு சொல்லுறதெண்டாலும் சரியாத் தெரிஞ்சுகொண்டு சொல்லுவம். பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லவேணுமே."

"எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தானே ஆம்பிளை," என்று அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தாள்.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சு எழுத்தை மரக்கறிப் பெட்டிகளின் பக்கங்களில்தான் படித்தேன். அதைவிடப் பெரிய சங்கடம் என் கூச்சம். முன்பின் தெரியாதவர் மணி கேட்டாலும் என் குரல் இறங்கிவிடும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கறிவேப்பிலைக்கு வரும் புதுச்சேரிப் பெரியவர் ஒருவரிடம் துணிந்து கேட்டேன். அவர் ஒரு மேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்கு ஒரு விசயம் அறியவேணுமாம், ஐயா," என்று தொடங்கினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "தம்பி, ஒருத்தரோட குற்றப் பதிவை அவருக்கு மட்டும்தான் குடுப்பாங்க. பொண்ணு குடுக்கற மாமனாருக்குக் குடுக்கமாட்டாங்க. ஆனா தீர்ப்பு வேற. அது கதவைத் தொறந்து வெச்சு எல்லாருக்கும் முன்னாடி சொல்றது. முடிஞ்சுபோன வழக்குன்னா, எந்த ஊர் கோர்ட்ல நடந்துச்சோ அங்கயே போயி நகல் கேக்கலாம். கோர்ட் பதிவாளர் அறை, கிரெஃப்னு கதவுல எழுதியிருக்கும், தட்டுங்க."

"நான் மாமனாரெண்டு சொல்லேல்லையே, ஐயா."

"நானும் யாரையும் சொல்லலியே. கறிவேப்பிலை கேட்டேன், நீங்க கொத்தமல்லிய கட்டிக் குடுத்திருக்கீங்க. அதான் சொன்னேன்."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொன்னேன். மகளிடம், கடைக்குச் சாமான் எடுக்கத் தூரம் போவதாகச் சொன்னோம். எங்கள் வீடு இருக்கும் கார்ஜிலிருந்து ஆர்.இ.ஆர். டி ரயில் எடுத்து, கார் து லியோன் நிலையத்தில் பெரிய ரயிலுக்கு மாறி, பிறகு இரண்டு பெட்டிகள் மட்டும் உள்ள ஒரு சின்ன ரயிலில் போனேன். இருபுறமும் வெள்ளை மாடுகள். வெண்டிக்காய் வாங்கினவர் அந்த ஒரு விசயத்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

நீதிமன்றம் ஒரு தேவாலயத்துக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்தார்கள். எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்து, மனைவி கட்டித் தந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டேன். அந்த வழியாகப் போன எல்லாரும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று, எனக்கு 'போன் அப்பெத்தி' சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து நின்று நன்றி சொன்னேன். அதிலேயே எனக்குப் பாதிக் கூச்சம் போயிருக்க வேண்டும்.

கதவு திறந்ததும் கிரெஃப் அறைக்குப் போனேன். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மா உள்ளே இருந்தார். ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தை ஒப்பித்தேன்: முடிந்த வழக்கு ஒன்றின் தீர்ப்பு நகல் வேண்டும்.

"பெயர்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியில் தேடினார். இல்லை என்றார். எழுத்துகளை மாற்றித் தேடியும் இல்லை. முழுப் பெயர் இதுதானா என்று கேட்டபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. நான் சொன்னது, வீட்டில் அவனைக் கூப்பிடுகிற பெயர். மகள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவனுடைய தாயும், விசாரித்த இடங்களில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பதிவில் உள்ள பெயரை நான் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இத்தனை தூரம் வந்து, யாரைத் தேடி வந்தேன் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

கைக்குட்டையை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். மடித்த தாள் ஒன்று தட்டுப்பட்டது. ஐயரிடம் பொருத்தம் பார்க்கக் கொண்டுபோன சாதகக் குறிப்பு. அந்த வாரம் முழுக்க அது அங்கேயே இருந்திருக்கிறது. அதன் தலைப்பில் அவனுடைய முழுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருந்தன.

அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்தார். தாளில் இருந்த கட்டங்களையும், அவற்றுக்குள் இருந்த சின்ன எழுத்துகளையும் கண்டு, "குறுக்கெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை, மதாம். கல்யாணம். என் மகள்," என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். "ஆ!" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். உள்ளே இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். மகளின் முகம் நினைவுக்கு வந்ததால் நின்றேன்.

நகலைக் கொண்டுவந்து தந்தார். நான் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். சட்டப் பிரெஞ்சு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தி என்ற சொல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் விரலை அதிலேயே வைத்துத் திரும்பப் படித்தேன். அதற்குக் கொஞ்சம் கீழே, ஒவ்வொரு நாளும் பெட்டிகளில் நான் பார்க்கிற, கண்ணை மூடிக்கொண்டும் எழுதக்கூடிய சொல் ஒன்று இருந்தது. நுவா து கோக்கோ. தேங்காய்.

நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் எனக்காக மெதுவாக, சின்னச் சின்ன வசனங்களில் சொன்னார். பெடியனின் கூட்டாளி ஒருவன் அந்த ஊரில் உணவகம் திறந்தான். திறப்புநாளுக்குத் தேங்காய் உடைக்க லாச்சப்பலில் தேங்காயும் கொடுவாக்கத்தியும் வாங்கி, இவன் காரில் வந்திருக்கிறான். ஊர் எல்லையில் பொலிஸ் மறித்துப் பார்த்தால், காரின் பின்பெட்டியில் அவ்வளவு நீளக் கத்தி. வழக்கு நீதிபதி வரைக்கும் போனது. அன்று அந்த அம்மாவும் மன்றத்தில் இருந்திருக்கிறார்.

"நீதிபதி கேட்டார், ஒரு தேங்காய்க்கு இவ்வளவு பெரிய கத்தியா என்று. உங்கள் பையன் செய்து காட்டினான்," என்று மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, இடக்கையில் ஒரு தேங்காய் இருப்பதுபோல வைத்துத் தட்டித் தட்டிச் சுற்றினார். கத்தியின் கூரால் அல்ல, முதுகால். நாங்கள் உடைப்பது அப்படித்தான். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் குற்றமற்றவன் என்று விட்டுவிட்டார்கள். கத்தியைத் திரும்பத் தரலாம் என்றும் எழுதியிருந்தது. ஆனால் எடுக்க அவன் வரவேயில்லை என்றார். 'உங்கள் பையன்' என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை.

இரவு வீட்டுக்குள் நுழையும்போது மகள் மேசையில் இருந்தாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தீர்ப்பு நகலை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்துப் படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ பப்பா! இதுக்கோ அவ்வளவு தூரம் போனீங்கள்? இது அவர் கூட்டாளிமார் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. என்னைச் சந்திச்ச முதல் கிழமையே சொன்னவர்."

"எங்களுக்குச் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் கேட்டனீங்களோ? அவர் உங்கடை கடைக்கு வந்தா நீங்கள் வணக்கம் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போய் ஒளியிறீங்களாம். மாமாவுக்குத் தன்னைப் பிடிக்கேல்லையோ எண்டு அவர் பயந்துபோய் இருக்கிறார்."

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தப்பாவின்ரை முதலாளி வரைக்கும் விசாரிச்சம், அவனை ஒரு வார்த்தை கேக்கேல்லை," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கேக்கிறதுக்கு ஆள் வேணுமே, இவர் ஒளிஞ்செல்லே போயிடுறார்," என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாடு அன்றைக்கு மிகவும் ருசியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் கடைக்கு வந்தபோது நான் உள்ளே போகவில்லை. தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, நல்லதாப் பாத்து ஒண்டு எடுங்கோ பாப்பம்," என்றேன். ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தான். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். அதுவரை நான் அவனோடு பேசியதிலேயே மிக நீளமான வசனம் அந்த ஒன்றுதான்.

பதிவுக்கு முந்தின நாள், வேலை முடிந்ததும் பக்கத்துப் பாத்திரக் கடையில் அவனுக்கு ஒரு புதுக் கொடுவாக்கத்தி வாங்கினேன். அந்த ஊரில் விட்டுவந்ததற்குப் பதிலாக. கடைக்காரர் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். ரயிலில் ஏறி, கதவு மூடிய பிறகுதான், மடியில் என்ன வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அடுத்த நிலையத்தில் பொலிஸ்காரர் இருவர் ஏறினார்கள். நான் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த அம்மா எனக்குச் சொல்லித்தந்த சின்ன வசனங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன். தேங்காய்க்கு, மெசியே. கூரால் இல்லை, முதுகால். நாளைக்கு என் மகளின் கல்யாணம்.

அவர்கள் என்னைப் பார்க்காமலே கடந்து போனார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இடக்கையை எப்படிப் பிடிப்பது என்றும் செய்து காட்டியிருப்பேன்.