விரல் காட்டிய பக்கம்

நோணாங்குப்பம் படகுத்துறையை விட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். படகில் ஏறவில்லை. டிக்கெட் வரிசையில் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலியில் வெயிலுக்குப் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளின் வாடைதான். உப்பு, டீசல், யார் யாருடையதோ வேர்வை. இதே வாடையை ஒரு சீசன் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்போது எனக்கு என்ன வேலை என்று தெரிந்தால் இன்னும் சிரிப்பீர்கள். கடலைப் பார்த்து விரலை நீட்டுகிற வேலை.

அப்பாவின் மில் மூடிய வருடம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பிறகு பஞ்சர் கடை, பரோட்டாக் கடை, லாஸ்பேட்டை கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிற வேலை. பரோட்டாக் கல்லில் சுட்ட தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அப்படியே உருண்டு தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகுக்கு வந்து சேர்ந்தேன். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாக வடக்கே போய்வரும் படகு. சுக்கான் பிடிப்பவர் ஏழுமலை அண்ணன், கடலிலேயே வளர்ந்தவர். நான் கயிறு இழுக்க, வாந்தி வருகிறவர்களுக்குப் பை கொடுக்க, அப்புறம் ஓங்கல் காட்ட. டால்பினை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஓங்கல் சில நாள் வரும், பல நாள் வராது. வராத நாளில் ‘அதோ, அதோ’ என்று கத்தி எங்காவது விரலை நீட்டிவிடுவேன். பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள். மீதிப் பேர், தான் மட்டும் பார்க்கவில்லை என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். இந்த வழியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. இறங்கும்போது எல்லோரும் சந்தோஷமாகத்தான் இறங்குவார்கள். அதனால் தப்பாகவும் தோன்றவில்லை.

கருவடிக்குப்பத்தில் இருந்த அக்காவிடம் அளந்தது அதைவிட அதிகம். நான் விசிலடித்தால் ஓங்கல் வந்து நிற்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். அக்கா ஒரு மகளிர் குழுவில் இருந்தாள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள். வருடத்துக்கு ஒருமுறை வேன் வைத்துக் கோயிலுக்குப் போவார்கள். அந்த வருடம் கடலுக்குப் போகலாம் என்று அக்கா கிளப்பிவிட்டாள். குழுவில் வாய் ஓங்கிய காந்திமதிக்கு அது பிடிக்கவில்லை. மீனைப் பார்க்க மார்க்கெட் போதாதா என்றாளாம். அதற்கு அக்கா, எந்தம்பி காட்டுவான், காட்டலன்னா என்னைக் கேளு என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் எங்கள் படகில் ஏறிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

கலங்கரை விளக்கமும் மாதா கோயில் கோபுரமும் பின்னால் சிறுத்துப் போயின. கடைசி மீனவர் குப்பத்தையும் தாண்டிவிட்டால் சவுக்கும் தாழம்புதரும்தான். அதன் முன்னால் கால் தடமே இல்லாத மணல். அக்கா அந்த மணலைப் பார்த்து, இங்கே ஒரு நாள் சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள். படகின் பக்கத்தில் ஓர் ஆமை தலையை நீட்டி, தூக்கம் கலைந்த மனுஷன் மாதிரி எங்களை முறைத்துவிட்டு முங்கியது. பெருமாளே என்று இரண்டு பேர் கும்பிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

“ஆமை சரி, தம்பி,” என்றாள் காந்திமதி. “விசிலடிச்சா வருமாமே, அது எங்க?”

விசிலடித்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்புகிற நேரமும் வந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் பாயின் அந்தப் பக்கம் சிக்கிய கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் கிழக்கே விரலை நீட்டி “அதோ, அதோ” என்று கத்தினேன். எல்லோரும் எழுந்து கிழக்கே பார்த்தார்கள். கையில் போன் வைத்திருந்தவர்கள் வெறும் தண்ணீரைப் படம் எடுத்தார்கள்.

அக்கா மட்டும் திரும்பவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் பார்க்க ஆரம்பித்திருப்பாள். சின்ன வயதிலிருந்து நான் பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும். அவள் கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

அந்த நேரத்தில்தான் வந்தன. நிஜமாகவே. அக்காவின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரம் போல, ஒரு தாயும் குட்டியும். முதுகு பளபளக்க எழும்பி, புஸ்ஸென்று மூச்சு விட்டன.

“அக்கா, பின்னாடி பாரு,” என்றேன்.

“போதும்டா,” என்றாள் மெதுவாக. திரும்பவில்லை.

மற்றவர்கள் கிழக்கிலிருந்து திரும்புவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது. அலைச் சத்தத்தில் அந்த மூச்சு வேறு யார் காதிலும் விழவில்லை.

காந்திமதி உட்கார்ந்து புடவையை உதறிக்கொண்டாள். “நான் ஒண்ணையும் காணோம்டி. யாரு பாத்தது?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“நான் பாத்தேன்,” என்றாள் அக்கா. “ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. உனக்குக் கண்ணு அவிஞ்சா எந்தம்பி என்ன பண்ணுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். காந்திமதியும் சிரித்துவிட்டாள். அக்கா பார்க்காமலே சொன்ன கணக்கு சரி, பக்கம்தான் தப்பு. எனக்குத் தலை நிமிரவில்லை. கரை வரும் வரை கயிற்றைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். துறைமுகத்தில், நெசமாவே வந்துச்சுக்கா என்றேன். சரி விடு, சாப்பிட்டுப் போ என்று தூக்கைத் திறந்தாள். புளிச்சோறு. நின்றபடியே தின்றேன். வேன் போனதும் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு நடந்தேன். ஏழுமலை அண்ணன் எங்கே போகிறாய் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அந்தப் படகு இப்போது இல்லை. குழு கலைந்துவிட்டது. அக்கா இன்றைக்கும் புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால், எந்தம்பி கடலில் ஓங்கல் காட்டினான் என்று சொல்கிறாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அவள் சோறு கட்டிக்கொண்டு வர நினைத்த மணலைக் கடல் தின்றுவிட்டது. மிச்சக் கரையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆமை ஏற இடமில்லை.

தெற்கே ஊர்ப் பக்கம் அந்தக் கல்லைக் கொட்டத் தொடங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. படகை விட்ட மறுநாள் காலை ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றேன். கல் லாரிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி, கடல் பக்கம் வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கரை விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ரிவர்ஸில் வருகிற லாரிக்குக் கை காட்ட வேண்டும். அதுதான் வேலை.

டிரைவர் கதவு வழியாகத் தலையை நீட்டினார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் கையத்தான் நம்பி வரேன். பாத்துக் காட்டு.”

பார்த்துத்தான் காட்டினேன்.