ஆறு அரக்குச் சதுரங்கள்

சாலைக் கடைத்தெருவின் ஒரு சந்தில் சத்தியநேசன் நடத்திய தையல் கடையில் உலகம்மாளுக்கு மெஷின் கிடையாது. 1986 ஆவணியில் சேர்ந்தாள். பதினோரு வருடம் எட்டு மாதமாகக் கைவேலைதான். ஓரம் மடித்துத் தைப்பாள், ஊக்கு வைப்பாள். வெட்டுமேஜைக்கு அடியில் விழும் மிச்சத் துணியை அவள் எடுத்துக்கொள்ளலாம் என்பது கடை வழக்கம்.

மலைமேல் இருந்த போனக்காட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகள் இசக்கிசெல்வி, ஐந்து மாதக் குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதனால் உலகம்மாள் நாலு அங்குல அட்டையை வைத்து 168 சதுரங்கள் வெட்டினாள். அவற்றைக் கையாலேயே இணைத்து, அடியில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வைத்துத் தைத்தாள். 1998 மே 13, புதன்கிழமை, போர்வை முடிந்தது.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு, கல்யாணப் பெண் ஜானவியின் ரவிக்கைக்கு வெட்டிவைத்த அரக்குப் பட்டுச் சுருளைச் சத்தியநேசன் அவிழ்த்தார். முன், முதுகு, பட்டி இருந்தன. கை ஒன்றுதான் இருந்தது. புடவையோடு சேர்ந்து வந்த துணி. வேறு வாங்க முடியாது. ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் வருவார்கள். விடிந்தால் முகூர்த்தம்.

"ஜெபமலரே, உன் மெஷின் மேலதான சுருள் கிடந்தது? கை எங்க?"

"நான் தொடவே இல்ல மாஸ்டரே! கர்த்தர் மேல சத்தியம்!" மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள்.

"கர்த்தரா வந்து கை தச்சுத் தருவார்? கிடைக்கலன்னா நாளைக்கு நீ வரண்டாம்."

உலகம்மாளின் ஊசி நின்றது. வெட்டுமேஜைக்கு அடியில் எடுத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வெட்டிய அரக்குப் பட்டில் சாக்பீஸ் கோடு இருந்தது. மிச்சத் துண்டில் கோடு இருப்பது வழக்கந்தானே என்று, போர்வையின் நடுவுக்கு நல்ல நிறம் கிடைத்த சந்தோஷத்தில் வெட்டிவிட்டாள்.

"மாஸ்டரே, வீடுவரை போயிட்டு வாரேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வீடு இருந்த மணக்காட்டுக்குப் பதினெட்டு நிமிடம் நடை. அன்று நடக்கவில்லை, ஓடினாள். போர்வையை விரித்து, பிளேடு பட்டில் இறங்கிவிடுமோ என்று ஒவ்வொரு நூலாகத் தூக்கித் தூக்கி அறுத்தாள். நடுவிலிருந்த ஆறு அரக்குச் சதுரங்களும் வந்தன. சுற்றிலும் ஊசித் துளை. நீவினாள், மறையவில்லை.

ஒன்று ஐந்துக்கு அவற்றை மேஜையில் வைத்தாள். "நான்தான் வெட்டினேன் மாஸ்டரே. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

சத்தியநேசன் அளவு நாடாவை எடுத்தார். சதுரங்களை அடுக்கி அளந்தார். இணைத்தால் பத்து அங்குலக் கை ஏழாகும். அக்குளில் வேறு பட்டு ஒட்டலாம். இணைப்பின் மேல் ஜரிகை நாடா வைத்தால் துளை மறையும். பிறகு மிச்சமிருந்த நல்ல கையை எடுத்து விரித்தார்.

"ஐயோ, அது எதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கண்டாமா?"

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவாவ. அதுக்குப் பிறகு என்ன செய்ய?" கத்தரி ஓடி, நல்ல கையும் ஆறு சதுரமானது. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, கண்ணைத் திறந்து நாடாவைப் பிடிங்க. என் வேலையும் உங்க ஊசியிலதான் தொங்குது," என்றாள் ஜெபமலர்.

நான்கு ஐம்பதுக்கே பெண்ணின் தாயார் சிவகாமியம்மாள் ஜானவியோடு வந்துவிட்டாள். ரவிக்கையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதென்ன கட்டம் கட்டமா? நாங்க இப்படிச் சொல்லலையே!"

சத்தியநேசன் வாய் திறப்பதற்குள் உலகம்மாள் முந்திக்கொண்டாள். "தப்பு என்னுதும்மா. மிச்சத் துணின்னு நினைச்சு ஒரு கையை வெட்டிட்டேன். மறைக்கத்தான் இப்படி."

"கல்யாணத் துணியைப் போய்..." சிவகாமியம்மாள் ரவிக்கைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டுப் பாத்துட்டுக் கோச்சுக்கோயேன் அம்மா," என்று ஜானவி ரவிக்கையோடு திரைக்குப் பின்னால் போனாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "பின்னால ஊக்கு. யாராவது வாங்கோ."

"நீயே போய் மாட்டு," என்றாள் சிவகாமியம்மாள் உலகம்மாளிடம்.

உலகம்மாள் திரைக்குப் பின்னால் போனாள். ஏழு ஊக்கு மாட்ட நெடுநேரம் ஆயிற்று. ஜானவி, மாலை போடுவதுபோல இரு கையையும் மேலே தூக்கினாள்.

தையல் விடவில்லை.

"அம்மா, கை தூக்க வர்றது. இதையே போட்டுக்கறேன்," என்றாள் ஜானவி. "ஆத்துக்குப் போலாம்."