ஹாரன் அடித்த நேரம்

என் மகள் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, பிரசவ அறை வாசலில் எங்கள் வீட்டு ஆட்கள் ஐந்து பேர் ஐந்து செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். நர்ஸ் வெளியே வந்து ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்பே, "நேரம் என்ன சிஸ்டர்?" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கேட்டிருக்கிறார்கள். பத்தாம் நாள் குழந்தையின் ஜாதகம் வாட்ஸப்பில் வந்து விழுந்தது. வெளியூர்க்காரரான என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறந்த நேர விஷயத்தில் நாங்கள் ஒருமுறை நன்றாகச் சூடுபட்ட குடும்பம் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கதையில் நான்தான் கதாநாயகி என்பதையும் இதுவரை அடக்கத்தினால் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அச்சங்குளத்தில் இருந்தோம். அம்மாவும் அத்தையும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அத்தை அப்பாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபிறகு எங்களோடுதான் இருந்தாள். இருபத்தொன்பது வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் செவ்வாய்.

அத்தையின் ஜாதகத்தில் நாலாம் வீட்டில் செவ்வாய் உட்கார்ந்திருக்கிறார் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். நான் ரகசியமாகப் போய் எங்கள் தெருவின் நாலாவது வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு தையல் மிஷினும் இரண்டு கோழிகளும்தான் இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி சாப்பிட்டு, சிரித்துப் பேசி, ஜாதக நகலை வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் வேண்டாம் என்று தகவல் வரும். தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் இல்லாதவன் கட்டினால் அவன் உயிருக்கே ஆபத்தாம். பல்லியைக்கூடத் துடைப்பத்தால் அடிக்காமல் 'போ போ' என்று கெஞ்சுகிற அத்தையைப் பார்த்து ஏழு குடும்பங்கள் இப்படிப் பயந்து ஓடியிருந்தன.

அந்த ஆவணிக் கடைசியில் வந்தது எட்டாவது குடும்பம். மாப்பிள்ளை சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். வரும்போதே எனக்கென்று அடுத்த வருஷக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். ஊரில் யாருக்கும் கிடைக்காத அடுத்த வருஷம் என் கையில் இருந்தது. எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. அத்தைக்கும் பிடித்துவிட்டது என்பது, அன்று சாயங்காலம் அவள் இரண்டு தரம் தலை வாரியதிலிருந்து தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையின் கையைப் பிடித்து, "நம்ம வீட்டுக்கு ஏத்த புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

புதன்கிழமை போன் வந்தது. சாத்தூர் ஜோசியர் பொருத்தம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். புரட்டாசி பிறந்தால் பெண் பார்க்க முடியாது என்பதால் வெள்ளிக்கிழமையே விருதுநகரில் வேறு பெண்ணைப் பார்க்கப் போகிறார்களாம். அப்பா போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை எல்லாருக்கும் சோறு போட்டாள். அம்மாதான் பேச்சை மாற்றினாள். "நாளையிலருந்து சீசன் டைம். வண்டி நாலே முக்காலுக்கே வந்துரும். எல்லாரும் வெள்ளன படுங்க."

மறுநாள் விடியுமுன்னே கம்பெனி வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. வழக்கமாக ஆறு மணிக்கு அடிக்கிற ஹாரன். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சீசனில் மட்டும் இப்படி உயிரை வாங்கும். அம்மாவும் அத்தையும் தூக்குவாளியோடு ஓடினார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. புரண்டு படுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை பிறந்தது கம்பெனி வண்டி ஹாரன் அடித்த நேரத்தில். இது ஊருக்கே தெரியும். அவளை 'ஹாரன் புள்ள' என்று கேலி செய்கிறவர்கள்கூட இருந்தார்கள்.

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அப்பா, அத்தை எந்த மாசம் பொறந்துச்சு?"

"புரட்டாசி. மொத வாரம். எதுக்குக் கேக்குற?"

"அப்ப அது சீசன்தானப்பா? சீசன்ல ஹாரன் ஆறு மணிக்கா அடிக்கும்?"

அப்பா என்னைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு நடந்ததை அவரே சொன்னார். அத்தைக்கு ஜாதகம் எழுதியது அவள் பிறந்தபோது அல்ல, ஐந்து வயதில், ஒரு தை மாசம். தாத்தா வீட்டில் கடிகாரம் கிடையாது. ஜோசியர் நேரம் கேட்டதும் தாத்தா, வண்டி ஹாரன் அடித்த நேரம் என்று சொல்லியிருக்கிறார். அது எத்தனை மணிக்கு என்று ஜோசியர் கேட்க, தை மாசத்து வழக்கப்படி தாத்தாவும் ஆறு மணி என்று சொல்லிவிட்டார்.

"நானும் அங்கன பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் புள்ள" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அன்று அவர் லோடுக்குப் போகவில்லை, நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவின் டிவிஎஸ் பிப்டி தாயில்பட்டிக்குப் பறந்தது. அந்த வண்டி பறக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தாயில்பட்டியில் இருந்தவர், அத்தை பிறந்த காலத்தில் கம்பெனி வண்டி ஓட்டிய டிரைவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

"மறக்குமா அது? ஹாரன் அடிச்ச கையோட ஒங்கய்யா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடியாறாரு. அடிக்காதீக, உள்ள வலி எடுத்துக் கெடக்கான்னாரு. அவரு சொல்லி வாய மூடல, புள்ள அழுகுது. வண்டில இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் குலவ போட்டாளுக."

"நேரம்? நேரம் எத்தன?" என்று அப்பா பதறினார்.

"சீசன்ல ஒங்க ஊருக்கு நாலே முக்கால். ஒரு நா பிந்துனதில்ல. பிந்துனா போர்மேன் கேட்டச் சாத்திருவாரு."

சாட்சியைப் பின்னால் ஏற்றி, என்னை முன்னால் நிறுத்தி, அப்பா சாத்தூருக்கு விட்டார். போகிற வழியிலேயே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டார். ஜோசியர் ஒரு செல்போன் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தார். டிரைவர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், இந்தத் தடவை குலவை போட்டே காட்டினார். ஜோசியர் புதிய நேரத்தைத் தட்டினார். பிரிண்டர் பாதித் தாளைத் துப்பிவிட்டு நின்றுகொண்டது. ஜோசியர் அதன் மண்டையில் ஓர் அடி வைத்தார். மீதித் தாளும் வந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை எண்ணினார்.

"லக்கினமே மாறிப் போச்சே! கன்னி இல்ல, சிம்மம். நாலுல இருந்த செவ்வாய் இப்ப அஞ்சுல வந்துருது. தோசமே கெடையாது. பொருத்தம் பேஷா இருக்கு." பிறகு ஒரு விரலை உயர்த்தினார். "பாத்தீகளா? சாஸ்திரம் பொய் சொல்லாது. நாமதான் நேரத்தத் தப்பாச் சொல்லிப்புட்டோம்."

எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தை வழித்து, "நாளைக்கு விருதுநகருக்குப் போகல. ஒங்க வீட்டுக்குப் பூ வைக்க வாறோம்" என்றார். அப்பா எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்து, திரும்புகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் தெருமுனைக்குப் போய்விட்டேன். வண்டி நிற்பதற்குள் கத்தினேன். "அத்தை, ஒனக்குச் செவ்வாயே கெடையாது! ஒனக்குக் கல்யாணம்!"

வண்டிக்குள் ஒரே கூச்சல். என்னிடம் விஷயத்தைப் பிடுங்கிக் கேட்டுவிட்டுப் பொம்பளைகள் கை தட்டினார்கள். அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அத்தை கடைசியாக இறங்கினாள். கையெல்லாம் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து மினுமினுத்தது.

"நாலே முக்காலாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

அவள் அப்படியே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"வருசா வருசம் சீசன் வருது" என்றாள் மெதுவாக. "வருசா வருசம் நானே நாலே முக்காலுக்கு இந்த வண்டில ஏறிப் போறேன். ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையே. எனக்கே தோணலையே."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை பிடிக்கவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. "சந்தோசமா இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"சந்தோசந்தான் தாயி. ரொம்பச் சந்தோசம்" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. நல்ல மனுஷர் மாமா. ஆனால் அன்று அந்தக் கல்லில் உட்கார்ந்து அத்தை எண்ணிக்கொண்டிருந்தது தன் இருபத்திரண்டிலிருந்து இருபத்தொன்பது வரையான வருஷங்களை என்று எனக்கு விளங்க, நானும் அந்த வயதையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. அன்றைக்கோ, சந்தோசம் என்று அவள் வாயால் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. அத்தைக்குச் செவ்வாய் கிடையாது என்று வீட்டுக்கு வீடு கத்திக்கொண்டு தெரு நெடுக ஓடினேன். அவள் பின்னால் எழுந்து வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.