பத்து நிமிடம் காத்திருந்து அளந்தது

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் அச்சடித்த எதைப் பார்த்தாலும், எனக்கு எதிராகத்தான் அதில் ஏதோ எழுதியிருக்கிறது என்று ஒரு பயம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜுருவில் நான் வேலை செய்த பட்டறைக்குக் காற்றுப்பை வைத்த பெரிய டிரெய்லர்கள் வர ஆரம்பித்தபோது, ஒவ்வொன்றோடும் ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் இரும்புப் பட்டை ஸ்பிரிங்தான். உடைந்தால் மாற்றுவோம், முடிந்தது. இந்தப் புது வண்டிகளிலோ அச்சுக்கு மேலே ரப்பர் பைகள். அவற்றில் நிற்கும் காற்றுதான் மொத்த பாரத்தையும் தாங்க வேண்டும். டிரெய்லர் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை ஒரு சின்ன வால்வும், அதற்கும் அச்சுக்கும் நடுவில் நிற்கும் விரல் தடிமன் கம்பியும் தீர்மானிக்கும். கம்பியை நீட்டினால் வண்டி எழும்பும். குறைத்தால் இறங்கும்.

அந்தப் புத்தகத்தை எனக்கு வாசித்துச் சொன்னது ஆபீஸில் கிளார்க்காக இருந்த பெண். யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையில் எங்களோடு எங்களைப் போலவே பேசுவாள், எல்லாரும் அவளுக்கு அண்ணேதான். வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் அவள் தமிழ் மாறிவிடும், ‘ஆமா’ எல்லாம் ‘ஓம்’ ஆகிவிடும். ‘ஓம் அம்மா, ஓம்’ என்பாள். அந்த ‘ஓம்’ கேட்பதற்காகவே நான் ஆபீஸ் வாசலில் ஏதாவது ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“எஞ்சின் ஓடணும். காத்து முழுசா ஏறணும். கம்பியைத் திருப்பினா உடனே அளக்கக் கூடாது, வால்வு மெதுவாத்தான் கேக்கும். காத்திருந்து அளக்கணும். இவ்வளவுதாண்ணே.”

“எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு போட்டிருக்கு?”

“போடலையே. உங்களுக்குப் பத்து நிமிஷம்னு வச்சுக்குவோம். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை கவலைப்படலாம்.”

நான் டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு அளவைக் கத்துவேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை அட்டையில் எழுதி, திருப்பி வாசிப்பாள். அச்சின் நடுவிலிருந்து சட்டத்தின் அடிவரை பதினான்கு அங்குலம். மூன்று முறை அளப்பேன். மூன்று முறையும் சலிக்காமல் எழுதுவாள்.

பட்டறை கடலுக்கு அக்கரையில். நான் தீவில், டத்தோ கிராமாட்டில் இருந்தேன். அவள் வீடும் தீவில்தான். காலையில் ஒரே ஃபெரி. நான் மோட்டார் சைக்கிளோடு கீழ்த்தட்டில் நிற்பேன். அவள் மேலே, கடலைப் பார்த்த பெஞ்சில். படியேறிப் போய் ஒரு வார்த்தை பேசலாம். பக்கத்தில் அவள் சொந்தக்காரர் யாராவது இருந்தால்? இல்லாவிட்டால் இன்னும் மோசம், என்ன பேசுவது? அக்கரை இறங்கியதும் அவள் பஸ் பிடித்து ஜுருவுக்கு வருவாள். என் பின் சீட் காலியாக வரும்.

பிறகு அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு பேங்க் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள் என்று பட்டறை முதலாளி தௌக்கே சொன்னார். அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போகாதே என்று சொல்ல நான் யார்? உங்கள் வீட்டில் வந்து பேசலாமா என்று கேட்கவாவது வேண்டும்.

அந்தக் கடைசி வாரத்தில்தான் அந்த டிரெய்லர் வந்தது. தீவிலிருந்த தொழிற்சாலை ஒன்றுக்குப் போக வேண்டிய உயரமான மிஷினை ஏற்றியபடியே நின்றது. ஒரு பை கசிந்ததால் எங்களிடம் கொண்டுவந்தார்கள். தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டி ஓர் ஆகாய நடைபாதைக்கு அடியில் போயாக வேண்டும். எங்கள் கணக்கில் மிஷின் தலைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. பையை மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உயரத்தைப் பதினான்குக்கு வைத்தேன். அட்டையும் எழுதியாயிற்று. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தே தாரேக் டீ குடிக்கப் போனார்.

அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்ப அடியில் போய் அளந்தேன். பதின்மூன்று. கம்பியை நீட்டினேன், எழும்பவில்லை. இன்னும் நீட்டினேன், அப்போதும் இல்லை. அதற்குள் டிரைவர் வந்து கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அட்டையோடு வந்தாள்.

“ரெண்டாவது தடவை உள்ள போனீங்களே, ஜன்னல்லருந்து பார்த்தேன். அப்ப காத்து எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?”

நான் அளந்தபோது எஞ்சின் ஓடவில்லை. தொட்டியில் காற்று இறங்கியிருந்தது. பிரேக்குக்குப் போதுமான காற்று சேராமல் பைகளுக்குப் போகாது என்று இவள்தானே வாசித்துச் சொன்னாள். இப்போது ஓடும் எஞ்சின் காற்றை நிரப்பும். நான் நீட்டிய கம்பி கேட்ட அளவுக்கு வண்டி எழும்பும். நான்கு விரல் போய்விடும்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். “நானும் வர்றேன்,” என்றாள். “போன மாசம் சும்மா ஒரு லாரியைத் துரத்திட்டுப் போனீங்க. நீங்க சொன்னா அவரு நம்பமாட்டாரு. அட்டையைக் காட்டணும்.”

உண்மைதான். என் ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் பட்டறையின் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பிடிக்கவில்லை, சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஹெல்மெட் என் முதுகில் இடித்தது. மிஷின் பயம் ஒரு பக்கம். இந்த ரோடு முடியக் கூடாது என்ற நினைப்பு ஒரு பக்கம்.

பாலத்து டோலுக்கு முன்னால், கூடவே போக வேண்டிய போலீஸ் வண்டிக்காக டிரெய்லர் ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் நிழலில் சிகரெட்டோடு இருந்தார்.

“வந்துட்டாண்டா. இந்தத் தடவை என்ன தம்பி, ஒரு நட்டைக் காணோமா?”

“உயரம் தப்பா இருக்குண்ணே.”

“உனக்கு என்னைக்கு லா சரியா இருந்திருக்கு?”

அவள் அட்டையை நீட்டினாள். “ரெண்டாவது அளவு எழுதுற இந்த இடம் காலியா இருக்கு பாருங்கண்ணே. நான் கையெழுத்துப் போடலை.”

அவர் அட்டையைப் பார்த்தார், என் மஞ்சள் தொப்பியைப் பார்த்தார், சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார். எஞ்சினை ஓடவிட்டார். அளந்தேன். பதினேழரை.

கம்பியைக் குறைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வால்வு நீளமாக மூச்சு விட்டது, டிரெய்லர் மெல்ல இறங்கியது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னாள். புல்தரையில் நின்றோம். டிரைவர் போலீஸ்காரர்களோடு பேசப் போய்விட்டார்.

“பேங்க் வேலை நல்ல வேலையா?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்றாள்.

கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி, “மாசக் கடைசியில போறேன். தெரியும்தானே?”

“தெரியும்.”

“ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

வாய்வரை வந்தது. இவ்வளவு பெரிய தப்புப் பண்ணிவிட்டு, அதை இவளே கண்டுபிடித்து, இவளே காப்பாற்றிக் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலா பெண் கேட்பது என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

“பத்திரமாப் போயிட்டு வாங்க,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். கடிகாரத்தைப் பார்த்து, “பத்து நிமிஷம் ஆச்சுண்ணே, அளங்க,” என்றாள்.

பதினான்கு. மூன்று முறையும் பதினான்கு.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்தன. சொல்லவில்லை. வீட்டில் பேசுகிற அந்த வார்த்தையை அன்று எனக்குச் சொன்னாள் என்பது, அவள் போன பிறகு ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி குழாயை மூடாமல் நின்றேன்.

அந்த அட்டையின் மஞ்சள் நகல் என்னிடம் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுபவள், கடைசி வரியை மட்டும் நான் வாசிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறாள்: ‘எஞ்சின் ஓடவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து அளந்தது.’ கீழே அவள் கையெழுத்து.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் போன அடுத்த திங்கட்கிழமை, ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு முதல் முறையாக மேல்தட்டுக்கு ஏறினேன். பன்னிரண்டு படிகள்தான். கடலைப் பார்த்த பெஞ்சில் ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.