யாரும் தொடாத மோட்டார்

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றிவிடுகிறார். தான் மட்டும் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். சித்தியை அவர் முதலில் சந்தித்தது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். சித்தி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாள், இவர் வெளியே. கதவிடுக்கு வழியாக நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பழுது பத்து நிமிடத்திலேயே சரியாகிவிட்டது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. "அன்னைக்கு நான் படியில போயிருக்கணும்" என்று சித்தி இன்றும் சொல்வாள்.

அவரை ஒரு குளியலறை மோட்டாருக்காக ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டி வந்தது அம்மாவால்.

இரண்டு மாதம் முன் அம்மாவுக்கு வலது தோளில் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை மட்டும் தோளுக்கு மேல் எழ மாட்டேன் என்கிறது. குவளையில் மொண்டு தலைக்கு ஊற்ற முடியாது. எங்களுடையது மேல்மாடி வீடு; தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் ஷவரில் தண்ணீர் சொட்டும், கொட்டாது. அதனால் வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு சின்ன மோட்டார் வைத்தோம். ஷவரைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். மூன்று வாரம் அம்மா யார் தயவும் இல்லாமல் தலைக்குக் குளித்தாள்.

பிறகு அதற்கு விக்கல் வந்தது. ஓடும், நிற்கும், ஓடும். புதன்கிழமையிலிருந்து ஒரு நிமிடம் முனகிவிட்டு அடங்கிவிடும். மாட்டிக்கொடுத்த பிளம்பர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். தான் குளிப்பாட்டிவிடுவதாக அக்கா சொல்லிப் பார்த்தாள். "உனக்குக் குளிப்பாட்ட ஒரு கைக்குழந்தை போதும்" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக அங்கே சொல்லிவிட்டார்கள். பிசுக்குத் தலையோடு நாலு பேர் முன்னால் உட்கார மாட்டேன் என்று அம்மா இங்கே சொல்லிவிட்டாள்.

சித்தப்பா வந்ததும் 'பழுது வேலை நடக்கிறது' என்ற மஞ்சள் பலகையைக் குளியலறைக் கைப்பிடியில் மாட்டினார். கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியாக யார் தொட்டது என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்றோம். அவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது.

"நானும் இருபத்தாறு வருஷமா பாக்குறேன். எந்த லிஃப்டையும் எவனும் தொட்டதில்ல. அதுங்களாத்தான் கெட்டுப்போகுது."

மின்சாரம் வருகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, ஷவர் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. அலமாரிக் கதவை இழுத்ததும் இடுக்கிலிருந்து மடித்த செய்தித்தாள் ஒன்று விழுந்தது. உள்ளே மோட்டாரைக் காணோம். குழந்தையின் மெத்தை விரிப்பு ஒன்று உருண்டையாக, நாடா கட்டி, உட்கார்ந்திருந்தது. கையை நுழைத்துப் பார்த்தார். காலையில் அப்பா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை.

"காய்ச்சல்காரனுக்குக் கம்பளியா?"

குழந்தை தூங்க வேண்டுமே என்று தான்தான் சுற்றிவைத்ததாக அக்கா ஒப்புக்கொண்டாள். செய்தித்தாள் என்னுடையது. சத்தம் வெளியே வராமலிருக்கச் செருகியிருந்தேன். சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயே தெறக்காம எவ்ளோ வேலை பாத்திருக்க."

சூட்டில் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத்தான் மோட்டார் நின்றிருக்கிறது. விரிப்பை உருவிவிட்டு, அது ஆறும்வரை காப்பி குடித்தார். பிறகு ஷவரைத் திறந்தார். ஓடியது, நின்றது, ஓடியது. விக்கல் அப்படியே இருந்தது.

தரையில் கன்னம் படக் குனிந்து, மோட்டாருக்குத் தண்ணீர் வரும் குழாயில் இருந்த வால்வைப் பார்த்தார். முக்கால்வாசி மூடியிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். முதல் வாரமே கால்வாசி மூடினாராம், வேகம் குறைந்தால் சத்தமும் குறையும் என்று. கால் எப்படி முக்காலாச்சு என்று சித்தப்பா கேட்டார். கேட்டவர் எங்களில் யாரையும் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தே பேசினார். தண்ணீர் தாராளமாக ஓடினால்தான் மோட்டார் ஓடும்; வரத்து குறைந்தால் நின்றுவிடும்; கொஞ்சம் சேர்ந்ததும் மறுபடி கிளம்பும். இப்படி நாள் முழுக்கக் கிளம்பி நின்றால் எந்த மோட்டாருக்கும் சூடேறும்.

"நான்தான்" என்றாள் அம்மா.

தினமும் குளிக்கப் போகுமுன் இடது கையால் ஒரு துளி திருப்பியிருக்கிறாள். "புள்ள அப்பத்தான் கண்ணசரும். நான் குளிக்கிறேன்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமா?"

சித்தப்பா சிரிக்கவில்லை. வால்வை முழுக்கத் திறந்தார். அப்புறம்தான் பெட்டியைத் திறந்து, லிஃப்ட் இயந்திரத்துக்கு அடியில் வைக்கும் தடித்த ரப்பர் துண்டுகள் நாலை எடுத்து மோட்டாரின் கால்களுக்குக் கீழே செருகினார். டைல்ஸில் கால் உதறியதுதான் பாதிச் சத்தமாம்.

எந்த லிஃப்டையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இங்கேயும் இரண்டு முறை ஓட்டி, முழங்கை வரை நனைந்து வெளியே வந்தார்.

"மூணாவது தடவை ஆளோடதான் ஓட்டணும். அண்ணி, துண்டை எடுத்துட்டு வாங்க."

"அறுந்து கிறுந்து விழாதே?"

"விழுந்தா தண்ணிதான் விழும். போங்க."

கதவு சாத்தப்பட்டது. மோட்டார் கிளம்பியது. இந்த முறை நிற்கவே இல்லை. ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் தொட்டிலைப் பார்த்தோம். குழந்தை கையை ஒருமுறை விரித்து மூடியது. தூக்கம் கலையவில்லை. இத்தனை நாளும் அது விழித்துக்கொண்டது சத்தத்தால் அல்ல, சத்தம் நின்று நின்று வந்ததால்தான் என்று அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். அப்பா என் செய்தித்தாளை எடுத்து, மிகுந்த அக்கறையோடு, போன மாதத்துச் செய்தியைப் படிக்கத் தொடங்கினார்.

அரை மணி கழித்து அம்மா வந்தாள். ஒற்றைக் கையால் சுற்றிய துண்டு தலையில் கோணலாக இருந்தது. கைப்பிடியிலிருந்த மஞ்சள் பலகையைக் கழற்றிச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"இதக் கொண்டு போங்க. காலையில ஏழு மணிக்கு எனக்கு இந்த ரூம் வேணும்."

பிறகு குனிந்து அலமாரியைப் பூட்டினாள். சாவியை அப்பாவிடம் கொடுக்கவில்லை, அக்காவிடமும் என்னிடமும் கொடுக்கவில்லை. சற்று யோசித்து, தானும் வைத்துக்கொள்ளாமல், அதையும் சித்தப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.