மருந்துச் சேலை

பிள்ளைகளே, தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மனைவி ஆலை வெடிவிபத்தில் இறந்துபோனாள். முந்தின நாள் வேலைக்கு அவள் உடுத்திப் போன சேலையை நான் துவைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் படத்துக்கு விளக்கேற்றி, அந்தச் சேலையை முகத்தில் வைத்து அழுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அழுகைக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்ப்பேன்.

ஒருநாள் கல்லூரியில் படிக்கும் என் மகள் சேலையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பட்டாசு மருந்து ஒட்டுன துணிப்பா! விளக்குக்கிட்ட கொண்டாரீகளே! அம்மா வேலை விட்டு வந்தா குளிக்காம அடுப்புப் பக்கமே போகமாட்டாளே!"

"என்னைய அழக்கூட விடமாட்டியா தாயி?"

"அழுங்க. ஆனா அழுறதுக்காகவே வெள்ளிக்கிழமைய எதிர்பாக்குறீக. இப்படித் தன் வலியிலயே சுகம் காணுறதுக்கு மசோகிசம்னு பேரு. அப்படிக் கதை எழுதுன வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பேர்ல இருந்து ஒரு டாக்டர் உண்டாக்குன சொல்லாம்."

"அம்புட்டுத் தூரத்துப் பேரா எனக்கு?"

"ஆமா. இங்கன எனக்கு இருக்கிறது நீங்க மட்டுந்தானப்பா."

அவள் குரல் உடைந்தது. நான் விளக்கை அணைத்தேன்.

சேலையை வாளித் தண்ணீரில் நானே அலசினேன். மருந்துப் பொடி கரைந்து தண்ணீர் வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறியது. மறுமுனையைப் பிடித்துப் பிழிந்த மகளும் அழுதாள். அவளும் அம்மாவை இழந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.